துவரையும் இலங்கையும்: ஓய்மானாட்டுப் பழங்குடிகளின் இடப்பெயர்வுக் கொள்கை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மரக்காணம் உப்பளக் கடற்கரையை உள்ளடக்கிய பழைய ஓய்மானாட்டிலும் அதனைச் சூழ்ந்த அருவாநாட்டிலும் வாழ்ந்த குடிகளின் தோற்றம் பற்றி ஒன்றுக்கொன்று மாறுபட்ட இடப்பெயர்வுக் கொள்கைகள் தமிழாய்வில் நூறாண்டுக்கும் மேலாக வழங்கி வருகின்றன. அருவாளர் துவரையிலிருந்து அகத்தியரால் கொணரப்பட்டோர் என்பது ஒன்று. ஓவியரும் அருவாளரும் நாகர் கிளையினர் என்பது மற்றொன்று. இக்கொள்கைகளின் சான்றுத்தளத்தைச் சிறுபாணாற்றுப்படை, பட்டினப்பாலை, புறநானூறு, நச்சினார்க்கினியர் உரை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பழஞ்ஜெர்மானியக் குடிகளின் தோற்றம் பற்றி ஐரோப்பிய வரலாற்றியலில் நிகழ்ந்த மறுசிந்தனை ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓய்மானாடு, அருவாளர், ஓவியர், எயிற்பட்டினம், நச்சினார்க்கினியர், இடப்பெயர்வு, கோத்தர், யோர்டானேஸ்

களமும் சிக்கலும்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வருவோர் இடைக்கழிநாட்டைக் கடந்ததும் மரக்காணத்து உப்பளங்களைக் காண்பர். ஒருபால் கடல், மறுபால் பக்கிங்காம் கால்வாயும் கழுவெளி நீர்ப்பரப்பும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டு நல்லூரினர். பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஓய்மானாட்டு வேந்தன். அவனது நாட்டிலுள்ள நான்கு ஊர்களைப் புலவர் பெயர் சுட்டிக் கூறுகிறார்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். கிடங்கில் திண்டிவனத்தை அடுத்துள்ளது. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவது அறிஞர் பலருக்கும் உடன்பாடு. எரித்திரையக் கடற்பயண நூல் பொதுகே என்னும் துறைமுகத்தை அடுத்துச் சொல்லும் சோபத்மாவும் இதுவே என்பர். சோ, எயில் ஆகிய இரு சொற்களும் மதிலைக் குறிப்பவை ஆதலின் சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றாகலாம் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். பொதுகே இன்றைய அரிக்கமேடு என்பது 1945ஆம் ஆண்டின் வீலர் அகழாய்வுக்குப் பின் பெரிதும் ஏற்கப்பட்டது.

ஊர்களைப் பற்றி இவ்வளவு தெளிவு இருக்க, அவ்வூர்களில் வாழ்ந்தோர் யாவர் என்ற வினாவுக்கு வந்தவுடன் நம் ஆய்வுகள் வேறு நடை கொள்கின்றன. வாழ்ந்தவர் யார் என்பதைக் காட்டிலும் எங்கிருந்து வந்தவர் என்பதே வினாவாகி விடுகிறது. இவ்வகையில் மூன்று கதைகள் ஒரே கடற்கரையின்மீது வந்து படிந்துள்ளன. அருவாளர் மேற்கேயுள்ள துவரையிலிருந்து நிலவழியே வந்தனர். ஓவியரோ நாகர், அவர்தம் மாவிலங்கை ஈழத்து இலங்கையின் பெயர் தாங்கியது. வடக்கே காஞ்சியை ஆண்ட திரையர் கடல் திரை கொண்டுவந்து சேர்த்த குழவியின் வழியினர். திசைக்கு ஒரு கதை.

முனைவர்பட்ட ஆய்வேடுகளை மதிப்பிடும் வாய்ப்புப் பெற்றவன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். இம்மூன்று கதைகளும் ஒரே ஆய்வேட்டில், ஒரே இயலில், அடுத்தடுத்த பத்திகளில், முரண் எனும் உணர்வின்றி நிறுவப்பட்ட உண்மைகளாக எழுதப்பட்டிருப்பதை ஒருமுறையன்று, பலமுறை கண்டதுண்டு. மாணவர்மீது குறை கூறிப் பயனில்லை. அவர்கள் எடுத்தாளும் மூலநூல்களே இவற்றை முடிந்த முடிவாகத் தந்துள்ளன.

ஒரே குடிக்கு இரு பிறப்பிடம்

வி. கனகசபைப் பிள்ளை ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904இல் வெளிவந்தது. சங்கப் பாடல்களை வரலாற்றுச் சான்றாக முழுமையாகப் பயன்கொண்ட முன்னோடி நூல்களுள் அது தலையாயது. அதன் பெருமையை இங்கு மறுப்பார் எவருமில்லை. ஆயினும் மறவர், எயினர், ஒளியர், ஓவியர், அருவாளர், பரதவர் ஆகியோரை அவர் நாகர் கிளைகளாகக் கொண்டார். தமிழர் வடகிழக்கிலிருந்து தாமிரலிப்தி வழியாகத் தெற்கே வந்து இந்நாகரை வென்றனர் என்பது அவர் கொள்கை. தமிழ் என்ற சொல்லுக்கும் தாமிரலிப்திக்கும் உள்ள ஒலியொப்புமையே இதன் முதுகெலும்பு. டாலமி அருவர்னோய் என்னும் மக்களையும், மலங்கா என்னும் தலைநகரையும், அங்கிருந்த பசரோநாகர் என்னும் அரசனையும் குறிப்பிடுவதை அவர் எடுத்துக்கொண்டு, மலங்காவை மாவிலங்கை என்றார். அரசன் பெயரின் ஈறும் நாகர் கொள்கைக்குத் துணையாயிற்று.

மறுபுறம், மு. இராகவையங்கார் தம் 'வேளிர் வரலாறு' நூலில் நச்சினார்க்கினியர் உரையை அடித்தளமாகக் கொண்டு வேளிரை யாதவர் வழியினராக நிறுவ முயன்றார். அவ்வுரைப் பகுதி தொல்காப்பியப் பாயிரத்துக்கு எழுதப்பட்டது. அகத்தியர் துவராபதிக்குச் சென்று, நெடுமுடியண்ணல் வழிவந்த அரசர் பதினெண்மரையும் பதினெண்குடி வேளிரையும் அருவாளரையும் உடன் அழைத்துவந்து, காட்டை அழித்து நாடாக்கிப் பொதியிலில் தங்கினார் என்பது அதன் சாரம்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கனகசபையார் கொள்கையில் அருவாளர் வந்தோரால் வெல்லப்பட்ட தொல்குடியினர். உரையாசிரியர் கதையில் அவரே வந்தோர். ஒரு குடி ஒரே நிலத்தில் மண்ணின் மைந்தராகவும் வந்தேறியாகவும் இருத்தல் இயலாது. இரண்டில் ஒன்று பிழை என்றே எவரும் முதலில் எண்ணுவர். இரண்டுமே பிழையாக இருக்கக்கூடும் என்பதே என் கருத்து.

நச்சினார்க்கினியர் கதையின் மூலம்

துவரைக் கதைக்குச் சங்கச் சான்றாகக் காட்டப்படுவது புறநானூற்று 201ஆம் பாடல். வடநாட்டு முனிவன் ஒருவனின் வேள்விக் குண்டத்தில் தோன்றித் துவரையை ஆண்டு நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த வேளிருள் ஒருவன் என இருங்கோவேளைக் கபிலர் அதில் விளிக்கிறார். இப்பாடலை இடப்பெயர்வுச் சான்றாக எடுத்தாளுவோர் அதன் சூழலைப் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றனர். பாரி இறந்துபட்டான். அவன் மகளிர் இருவரையும் உடனழைத்துச் சென்ற கபிலர் அவர்களை மணந்துகொள்ளுமாறு இருங்கோவேளை வேண்டி நிற்கிறார். இது ஒரு மணப்பேச்சு. மணப்பேச்சில் குலப்பெருமை கூறுவது மரபு. கேட்பவன் உள்ளம் குளிர அவன் விரும்பும் வழிமுறையைச் சொல்வதும் மரபு. இருங்கோவேள் மறுத்தபின் அதே புலவர் பாடிய 202ஆம் பாடலின் குரல் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதை ஒப்பிட்டால் முதற்பாட்டின் நோக்கம் தெளிவாகும். நாற்பத்தொன்பது என்பது ஏழின் ஏழு மடங்கு என்பதும் கருதத்தக்கது. வேளிர் தம்மைத் துவரையோடு தொடர்புபடுத்திக்கொண்டனர் என்பதற்கு இப்பாடல் உறுதியான சான்று. அவர்கள் அங்கிருந்து வந்தனர் என்பதற்கு அது சான்றாகாது.

இப்பாடலில் அருவாளர் இல்லை என்பது இன்னும் முதன்மையானது. அருவாளர் துவரைக் கதைக்குள் எவ்வாறு நுழைந்தனர்?

பட்டினப்பாலையில் கரிகாலனின் வெற்றிகள் அடுக்கிச் சொல்லப்படும் பகுதியை நோக்குக. ஒளியர் பணிந்து ஒடுங்குகின்றனர், அருவாளர் ஏவல் கேட்கின்றனர், வடவரும் குடவரும் தளர்கின்றனர், தென்னவன் வலி கெடுகிறது, பொதுவர் அழிகின்றனர், இருங்கோவேள் வீழ்கிறான். அதனை அடுத்தே காட்டை அழித்து நாடாக்கியதும் குளம் தோண்டி வளம் பெருக்கியதும் சோழனின் செயல்களாகக் கூறப்படுகின்றன. பாயிர உரைக் கதையின் மூன்று கூறுகளாகிய அருவாளர், வேளிர், காடழித்து நாடாக்கல் ஆகியன இப்பத்து அடிகளுக்குள் ஒருசேர அமைந்துள்ளன. இருங்கோவேளைத் துவரையோடு இணைக்கும் பாட்டு புறநானூற்றில் உள்ளது. பட்டினப்பாலை உட்பட்ட பத்துப்பாட்டு முழுமைக்கும் உரை கண்டவரும் நச்சினார்க்கினியரே.

இதிலிருந்து பெறக்கூடிய முடிவை அளவோடு கூற வேண்டும். உரையாசிரியர் வேண்டுமென்றே கதை புனைந்தார் என்பது என் கூற்றன்று. அவர் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டளவில், அகத்தியர் தென்னாடு வந்த கதை பல வடிவங்களில் வழங்கியிருக்கும். அக்கதைக்கு மக்களையும் செயலையும் வழங்கிய கிடங்கு அவர் நன்கறிந்த பட்டினப்பாலைப் பகுதியாக இருத்தல் கூடும் என்பதே இங்கு முன்வைக்கப்படுவது. அவ்வாறாயின் அருவாளர் துவரையிலிருந்து வந்தனர் என்பதற்குப் பாயிர உரை தனிச்சான்று ஆகாது. பட்டினப்பாலையின் மறுவடிவமே ஆகும். மூலத்தையும் அதன் எதிரொலியையும் இரண்டு சான்றாக எண்ணிவிட்டோம்.

மேலும் ஒரு சிறு சொல். பட்டினப்பாலை அருவாளருக்குத் தரும் அடை 'தொல்' என்பது. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தொன்மையான இலக்கியக் குறிப்பே அவர்களைப் பழையோர் என்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின் எழுந்த உரையை நம்பி, பாட்டின் சொல்லை விட்டுவிடுவது எவ்வகை ஆய்வுநெறி?

கோத்தர் வரலாறு தரும் ஒப்புமை

இத்தகைய சிக்கலை நீண்டகாலம் ஆராய்ந்து, தவறிழைத்து, திருத்தி, மீண்டும் திருத்திக்கொண்ட துறை ஒன்று உண்டு. அது பழஞ்ஜெர்மானியக் குடிகளின் வரலாறு. அதன் முடிவுகளை இங்கு இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அது பட்ட பாட்டை அறிந்துகொள்வது நலம்.

கி.பி. 98இல் 'ஜெர்மானியா' எழுதிய உரோமானியர் டாசிட்டஸ், அம்மக்கள் வேற்றிடத்திலிருந்து வந்தவரல்லர் என்றே கருதினார். மண்ணில் தோன்றிய டுயிஸ்டோ என்னும் தெய்வம், அதன் மகன் மன்னுஸ், அவனுடைய மைந்தர் வழிவந்த மூன்று பெருங்குழுக்கள் என அவர்தம் பழம்பாடல்கள் கூறுவதை அவர் பதிவு செய்தார். நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 551இல், யோர்டானேஸ் என்பார் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்து எழுதிய 'கெட்டிகா' நேர்மாறான கதை சொல்கிறது. கோத்தர் ஸ்காண்ட்சா என்னும் வடகடல் தீவிலிருந்து பெரிக் என்னும் அரசன் தலைமையில் மூன்று கப்பல்களில் புறப்பட்டனர். பின்னர் பிலிமர் என்பவன் காலத்தில் தெற்கு நோக்கி நடந்து கருங்கடற்புறத்தை அடைந்தனர். யோர்டானேஸுக்கு மூலமாக அமைந்தது காசியோடோரஸ் எழுதி, இன்று கிடைக்காத கோத்தர் வரலாறு. காசியோடோரஸ் இத்தாலியை ஆண்ட கோத்த அரசன் தியோடரிக்கின் அரசவையில் பணியாற்றியவர். தியோடரிக்கின் பேரன் அதலரிக் பதினேழாம் தலைமுறை என வரும்படி அவர் அரசகுல வழிமுறையை வகுத்தார்.

நாற்பத்தொன்பதும் பதினேழும் ஒரே தொழிற்சாலையின் சரக்குகள் என்று சொன்னால் அது மிகையாகலாம். ஆயினும் இரண்டுமே ஆள்வோனை நோக்கி, அவன் அவையில் நின்று, அவன் பெருமைக்காகச் சொல்லப்பட்ட எண்கள்.

இக்கதைகளை வரலாறாகக் கொண்டோர் 19ஆம் நூற்றாண்டில் மிகுந்தனர். குஸ்டாப் கொசின்னா 1911இல், எல்லை தெளிவாக வரையறுக்கத்தக்க தொல்பொருட் பண்பாடு ஒவ்வொன்றும் ஒரு தனி மக்களினத்தைக் குறிக்கும் என்ற விதியை வகுத்தார். பானை வகை எங்கெங்குப் பரவிற்றோ அங்கெல்லாம் இனம் பரவிற்று என்பது அதன் பொருள். 1931இல் அவர் மறைந்தார். அடுத்து வந்த ஆட்சி இக்கொள்கையைப் பிறர் நிலத்தை உரிமை கோரும் கருவியாக்கியது. தோற்றக் கதை ஏட்டோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

போருக்குப் பின் வந்த மாற்றமே நமக்குப் பயன்படுவது. 1961இல் ரைன்ஹார்ட் வென்ஸ்குஸ், குடி என்பது குருதியால் தொடரும் மக்கள்திரள் அன்று என்றார். ஒரு சிறு தலைமைக்குழு தன் பெயரையும் தோற்றக்கதையையும் சுமந்து செல்கிறது. அக்குழுவைச் சூழப் பல்வேறு மக்கள் திரண்டு அப்பெயரைத் தமதாக்கிக்கொள்கின்றனர். இவ்வகையில் பெயர் மட்டுமே பெயர்ந்து செல்வதுண்டு. ஹெர்விக் வொல்பிராம் இதனைக் கோத்தர் வரலாற்றில் விரித்தார். வால்டர் கோபார்ட் இதனையும் ஏற்கவில்லை. யோர்டானேஸ் 6ஆம் நூற்றாண்டின் இலக்கியம். அதனுள் பழைய வாய்மொழி மரபின் எச்சத்தைத் தேடுவதே வீண் என்பது அவர் நிலை. இவ்விரு சாராரின் பூசல் கடுமையானது.

இங்கு நிறுத்திவிட்டால் ஒப்பீடு நேர்மையற்றதாகிவிடும். வடக்கிலிருந்து இடப்பெயர்வே நிகழவில்லை என்ற முடிவும் நிலைக்கவில்லை. விஸ்துலா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வீல்பார்க் எனப்படும் தொல்பொருட் பண்பாடு கி.பி. முதல் நூற்றாண்டில் தோன்றிப் பின்னர்த் தென்கிழக்கே நகர்வதைப் போலந்து அகழாய்வாளர் காட்டியுள்ளனர். அம்மக்களின் எலும்புகளில் எடுத்த தொல்மரபணு, ஸ்காண்டிநேவியத் தொடர்பை உணர்த்துகிறது. ஆக, யோர்டானேஸின் கப்பல்கள் கதையே. மக்கள் நகர்ந்ததோ பொய்யன்று. ஆனால் அதை நிறுவியது யோர்டானேஸின் சொல்லோ ஊர்ப்பெயர் ஒலியோ அன்று; அவற்றைச் சாராத வேறு சான்று. இவ்வேறுபாட்டை நம் துறை இன்னும் போதிய அளவு உள்வாங்கவில்லை.

ஒலியொப்புமையின் எளிமை

பிலிமர் தலைமையில் கோத்தர் சென்றடைந்த வளமான நீர்நிலத்துக்கு யோர்டானேஸ் தரும் பெயர் 'ஓயும்'. நம் கடற்கரை நாட்டின் பெயர் ஓய்மா. இரண்டும் கழியும் சதுப்பும் சூழ்ந்தவை. கனகசபையார் கையாண்ட முறையை இங்குப் பொருத்தினால் கோத்தருக்கும் ஓவியருக்கும் உறவு கற்பிக்க அரைநாள் போதும். எவரும் அவ்வாறு செய்யமாட்டார். காரணம், முடிவு நகைப்புக்கிடம் என்பது முன்கூட்டியே தெரிகிறது. முறை அதேதான் என்பது மட்டும் தெரிவதில்லை. தாமிரலிப்தியிலிருந்து தமிழையும் மலங்காவிலிருந்து மாவிலங்கையையும் பெறுவதற்குக் கையாண்ட அளவுகோல் இதனினும் கடுமையானதன்று. மலங்கா மாவிலங்கையாக இருத்தலும் கூடும். ஆனால் அருவர்னோய் அருவாளரே என்பதற்குத் துணையாகப் பட்டினப்பாலையும் இலக்கண நூலார் கூறும் அருவாநாடு, அருவாவடதலை என்னும் நாட்டுப் பெயர்களும் உள்ளன. மலங்காவுக்கு அத்தகைய துணை குறைவு.

இம்முறை சென்னையிலேயே ஒரு ஜெர்மானியரால் வளர்க்கப்பட்டது என்பது வியப்பன்று. மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்டாப் ஓப்பர்ட் 1893இல் இந்தியாவின் தொல்குடிகள் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மலையைக் குறிக்கும் வேர்ச்சொற்களை அடியாகக் கொண்டு மள்ளர், பள்ளர், பறையர், பல்லவர் முதலிய பெயர்களையெல்லாம் தொடர்புபடுத்திப் பெரும் இனப்பிரிவுகளை வகுத்தார். ஐரோப்பாவில் குடிப்பெயர் ஆராய்ச்சி எவ்வழியில் சென்றதோ அவ்வழியே இங்கும் வந்தது. ஐரோப்பா பின்னர் அதனைக் கைவிட்டது. நாம் மேற்கோளாகப் போற்றி வருகிறோம்.

மாவிலங்கை பற்றிய வாதத்திலும் இக்குறை உண்டு. ஓவியர் தலைநகர், தொன்மையான இலங்கையின் பெயரைக் கருவிலிருந்தே பெற்றது என்ற கருத்துப்படச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. இதனை ஈழத்திலிருந்து வந்த மக்கள் தம் ஊர்ப்பெயரைக் கொணர்ந்ததாகக் கொள்வர் சிலர். தென்காசியினர் காசியிலிருந்து வந்தவரல்லர். பெயர் பெருமைக்காக இடப்படுவது. பெருமை மிக்க ஊர் எதுவோ அதன் பெயர் கடன் வாங்கப்படுகிறது. புலவர் இவ்வொப்புமையைச் சுட்டுவதே, இரண்டும் வேறு என்பதை அவர் அறிந்திருந்ததால்தான்.

பெருங்கற்படைச் சின்னங்களைக் கொண்டு எழுந்த வாதமும் இவ்வகையதே. கிறிஸ்டோப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ப், இரும்பையும் பெருங்கற் புதைவழக்கையும் ஏறக்குறைய கி.மு. 500 அளவில் திராவிட மொழி பேசுவோர் தெற்கே கொணர்ந்தனர் என்றார். ஓய்மானாட்டின் தென்னெல்லைக்கு அருகே சுத்துக்கேணி, முத்திரப்பாளையம் போன்ற இடங்களில் பிரெஞ்சு அறிஞர் காசல் அகழ்ந்த புதைகுழிகள் அவ்வாதத்துக்கு ஏற்றவையாகத் தோன்றியிருக்கும். மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டபின் அக்கால வரையறை தகர்ந்தது. பானைக்கும் இனத்துக்கும் இட்ட முடிச்சும் உடன் அவிழ்கிறது.

அண்மைக் காலத்தில் ஐராவதம் மகாதேவன் வேளிர், அகத்தியர் கதைகளைச் சிந்துவெளியிலிருந்து தெற்கே நிகழ்ந்த இடப்பெயர்வின் நினைவாகக் கண்டார். ஆர். பாலகிருஷ்ணன் கொற்கை, வஞ்சி, தொண்டி முதலிய ஊர்ப்பெயர்களை வடமேற்கிலும் கண்டு, சிந்துவெளியையும் வைகையையும் இணைக்கும் தம் நூலை 2019இல் வெளியிட்டார். இவை முன்னைய நூல்களைவிடக் கடுமையான உழைப்பும் பரந்த தரவும் உடையவை. ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு ஓடாமல் பெயர்த்தொகுதிகளை ஒப்பிடுபவை. ஆயினும் பாயிர உரைக் கதையைச் சான்றாகக் கொள்ளும் இடத்தில் மேற்கூறிய ஐயம் இவற்றுக்கும் பொருந்தும். சிந்துவெளித் தொடர்பு உண்மையாயினும் அதனை நச்சினார்க்கினியர் தோளில் ஏற்றவேண்டிய தேவையில்லை.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் மக்கள்

இனி மூலத்துக்கே திரும்புவோம். ஓவியர் என்போர் ஓய்மானாட்டு மக்களா? பாட்டு அவ்வாறு கூறவில்லை. நல்லியக்கோடன் ஓவியர் குடியின் தலைவன் என்றே கூறுகிறது. எயிற்பட்டினத்தில் பாணரை எதிர்கொள்வோர் நுளையரும் பரதவரும். நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட குழல்மீனும் அங்குக் கிடைக்கின்றன. வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண்கள் வெண்சோறும் நண்டுக்கறியும் இடுகின்றனர். நெய்தல், முல்லை, மருதம் என நிலத்துக்கு நிலம் மக்கட்பெயர் மாறுகிறது. ஒரே நாள் நடைத்தொலைவுகளில் இவ்வளவு வேற்றுமை உள்ள நாட்டுக்கு மேலே ஓவியர் என்னும் ஆளுங்குடி அமர்ந்துள்ளது. புறநானூற்றில் ஓய்மான் என்னும் அடையோடு நல்லியாதன், வில்லியாதன் போன்றோர் பாடப்படுவதும் இது அரசகுலப் பெயர் என்பதையே காட்டும்.

நுளையரையும் எயினரையும் உழவரையும் ஒருசேர ஓவியர் என்றழைத்து, ஓவியரை நாகர் என்றழைத்து, நாகரை வேறொரு நிலத்துக்கு அனுப்பிவைக்கும் நிரலில் முதற்படியே பிழை. வென்ஸ்குஸ் கூறிய தலைமைக்குழுக் கருத்து இங்கு நன்கு பொருந்துகிறது. லங்கோபார்டு என்னும் ஜெர்மானியக் குடியின் பெயர் இத்தாலியின் லொம்பார்டியில் இன்றும் வழங்குகிறது. அங்கு வாழ்வோர் பேசுவது இலத்தீன் வழிமொழி. ஓய்மாநாடு என்ற பெயரும் ஓவியர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் சோழர் கல்வெட்டுகளில் ஆட்சிப்பிரிவின் பெயராக நின்று நிலவியது.

அங்ஙனமாயின் இடப்பெயர்ச்சி பற்றி இப்பாட்டு ஒன்றும் கூறவில்லையா? மிகுதியாகக் கூறுகிறது, நாம் தேடும் வகையில் கூறவில்லை. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே வழிநடையின் இலக்கியம். பரிசில் பெற்றவன் வந்த வழியைப் பெறாதவனுக்குச் சொல்கிறான். உமணர் உப்பு வண்டிகளோடு குடும்பமாகச் செல்கின்றனர். அவர்களுடன் பயணம் செய்யும் மந்தி, முத்தை உள்ளடக்கிய சிப்பியைக் கிலுகிலுப்பையாகக் கொண்டு உமணர் சிறுவரோடு விளையாடும் காட்சி கொற்கைப் பகுதியில் வருகிறது. உப்பு விளையும் கரைக்கும் உப்பில்லா உள்நாட்டுக்கும் இடையே ஆண்டுதோறும் போய்மீளும் மக்கள் இவர்கள். இவ்வட்டச் செலவு வரலாற்று நூல்களில் இடப்பெயர்வு எனப் பெயர் பெறுவதில்லை. எவரும் இதற்குக் குலக்கதை கட்டுவதில்லை. எந்த அரசனும் இதனால் பெருமை அடைவதில்லை. ஆனால் கடற்கரை மொழியையும் பொருளையும் மணவுறவையும் உள்நாட்டுக்குக் கொண்டுசென்றது, அகத்தியரோடு ஒருமுறை வந்த பதினெண்குடியைவிட இவ்வண்டிகளாகவே இருத்தல் வேண்டும்.

எயிற்பட்டினப் பகுதியில் மற்றொரு காட்சி. கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமண மரக்கட்டைகள், ஒட்டகம் படுத்துறங்குவது போல மணலில் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீ மூட்டுகின்றனர். ஒட்டகம் இக்கரைக்கு உரிய விலங்கன்று. மரம் எத்தீவில் வளர்ந்ததோ. தொலைவிலிருந்து வந்த பொருளும் தொலைநிலத்து விலங்கு பற்றிய அறிவும் ஒரே உவமையில் உள்ளன. ஒட்டகத்தை அறிந்ததால் புலவர் பாலைநாட்டிலிருந்து வந்தவர் என்று எவரும் கூறார். அரிக்கமேட்டில் உரோமானியச் சாடிகள் கிடைத்ததால் அங்கு வாழ்ந்தோர் உரோமானியர் என வீலர் காலத்தில் ஓரளவு எண்ணப்பட்டது. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை நடத்திய மீளகழாய்வு, உரோமானிய வணிகத்துக்கு முன்பே அது உள்ளூர்க் குடியிருப்பாக இருந்ததை வலியுறுத்திற்று.

இது வெறும் ஏட்டுப்பூசல் அன்று. இன்று இக்கரையில் மீன்பிடிப்போரும் அளத்தில் உப்பு வாருவோரும் உள்நாட்டு உழவரும் தத்தமக்கு ஒரு தோற்றக்கதை உடையவராக உள்ளனர். நெருப்பிலிருந்தும் கடலிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் தோன்றிய கதைகள் சாதிச் சங்கங்களின் வெளியீடுகளில் இடம்பெறுகின்றன. அவற்றின் அடிக்குறிப்புகளில் நம் ஆய்விதழ்களும் ஆய்வேடுகளும் உள்ளன. 2013 ஏப்ரலில் மரக்காணம் சாதி மோதலைக் கண்டது. அதற்குப் பழங்குடி ஆய்வு காரணம் என்று கூறுவது அறிவீனம். ஆயினும் எவர் முதலில் வந்தார், எவர் பின்னர் வந்தார் என்ற பட்டியலைப் போதிய சான்றின்றி அச்சிட்டுத் தருவோர், அப்பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் கடன்.

செய்யத்தக்கது சிறிதே. தொல்காப்பியப் பாயிர உரையைப் பதிப்பிப்போரும் பாடம் சொல்வோரும் துவராபதிப் பகுதியில் பட்டினப்பாலையின் அப்பத்து அடிகளைச் சுட்டும் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். ஓவியர் என்று எழுதுமிடத்து அரசகுலம் என்றும், எயிற்பட்டினத்து மக்கள் என்று எழுதுமிடத்து நுளையர், பரதவர் என்றும் பாட்டு தரும் பெயரையே எழுதலாம். ஓய்மானாட்டுப் புதைகுழிகளிலிருந்து தொல்மரபணுவோ, உப்புக்கழியின் படிவுகளிலிருந்து குடியேற்றத்தின் காலமோ நாளை கிடைக்குமாயின், அருவாளர் பற்றிய வினாவை அப்போது புதிதாகத் திறக்கலாம். அதுவரை பட்டினப்பாலை தந்த 'தொல்' என்னும் அடையை அவர்களிடமிருந்து பறிப்பதற்கு நம்மிடம் சான்றில்லை.